வெயிலைப் பிடிப்பதா, விரட்டுவதா?

லடாக்கின் மண்சுவரும் சோழவந்தான் அகத்தியும் சென்னை மொட்டைமாடிக்குச் சொல்லும் கணக்கு

மே மாத மதியம், ராஜா அண்ணாமலைபுரத்தில் மரமில்லாத தெரு ஒன்றில் நிறுத்திய காரின் கதவைத் திறந்தவர்களுக்குப் பசுமைக்குடில் பற்றித் தனியாகப் பாடம் தேவையில்லை. கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வந்துவிட்டது. சீட்டும் டாஷ்போர்டும் அதைக் குடித்துச் சூடாகிவிட்டன. சூடான காற்று வெளியேற வழியில்லை. ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. ஹீட்டரும் இல்லாமல் மின்சாரமும் இல்லாமல் வெயிலை மட்டும் வைத்து ஓர் அறையைச் சூடேற்றும் இந்த வித்தைக்காகக் குளிர்நாடுகள் காலங்காலமாக மெனக்கெட்டிருக்கின்றன. நாம் ஏ.சி. போட்டு அதை விரட்டுகிறோம்.

இருந்தும், மாடித்தோட்ட ஆசை பரவிய பிறகு, சென்னையின் மொட்டைமாடிகளில் பாலிதீன் கூண்டுகள் முளைக்கத் தொடங்கியிருக்கின்றன. வெளிநாட்டு வீடியோவில் பார்த்த குடிலை அப்படியே இரும்புக் குழாயில் வளைத்து, நான்கு பக்கமும் தாள் போர்த்தி, உள்ளே லெட்யூஸ் நட்டு, அது வதங்கத் தொடங்கியதும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், அது போதாமல் இன்னொன்று, கடைசியில் ஏ.சி. மெக்கானிக்குக்கு ஒரு போன். 200 சதுர அடிக் குடில் என்று வைத்துக்கொள்வோம். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் இறக்குகிறது. பாலிதீன் தடுத்தது போக உள்ளே நுழைவது ஏறக்குறைய 15 கிலோவாட். ஒன்றரை டன் ஏ.சி. மூன்று சேர்ந்து வெளியேற்றக்கூடிய வெப்பம் அது. கீரை விற்று அந்த மின்கட்டணத்தைக் கட்ட முடியாது.

இதைப் பசுமைக்குடிலின் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. ஆற்றலைச் சேமிக்கும் குடிலில் முக்கியமான இயந்திரம் அதன் வடிவம்தான். அந்த வடிவத்தைத் தீர்மானிப்பது, கட்டும் இடத்தில் சூரியன் எங்கே நிற்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்பது. அதை விட்டுவிட்டு ஊருக்கு ஊர் ஒரே அச்சைத் தூக்கிக்கொண்டு போனால், விட்டுப்போன வேலையை மின்சாரம் செய்ய வேண்டியிருக்கிறது.

வடிவமே வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால் லடாக்குக்குத்தான் போக வேண்டும்.

மைனஸ் 25இல் கொத்தமல்லி

லே நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். ஆண்டு மழை 100 மில்லிமீட்டர் அளவுக்குத்தான். சென்னையில் ஒரே நாளில் அதைவிட அதிகம் கொட்டியிருக்கிறது. குளிர்காலத்தில் மைனஸ் 20, மைனஸ் 25 என்று இறங்கும். ஜோஜிலா கணவாயைப் பனி மூடினால் ஸ்ரீநகரிலிருந்து வரும் சாலை நெடுநாள் அடைபட்டுவிடும். பச்சைக் காய்கறி விமானத்தில்தான் வர வேண்டும். அதன் விலைக்கு வாங்கிச் சாப்பிடக் கிராமத்துக் குடும்பங்களால் முடியாது. நிலவறையில் புதைத்து வைத்த உருளைக்கிழங்கும் முள்ளங்கியும் உலர்ந்த கீரையும்தான் பல தலைமுறைகளின் குளிர்கால உணவு.

ஆனால் அந்த ஊருக்கு ஒரு சொத்து இருக்கிறது. ஆண்டில் 300 நாள்களுக்கு மேல் மேகமில்லாத வானம். காற்று மெலிந்து தூசியும் ஈரமும் குறைந்திருப்பதால் வெயில் சுள்ளென்று இறங்கும்.

அந்த வெயிலைப் பிடித்து வைக்கத்தான் 'ஜெரஸ்' என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து ஒரு குடிலை வடிவமைத்தது. 2000-களின் நடுப்பகுதியில் கிராமம் கிராமமாகப் பரவத் தொடங்கி ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பக் குடில்கள் எழுந்தன. 2009இல் அந்த வேலைக்குப் பிரிட்டனின் ஆஷ்டன் விருது கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1962இல் லேயில் தொடங்கப்பட்ட ராணுவ ஆராய்ச்சிக் கூடமும் (இன்று 'டிஹார்' என்று பெயர்) வேளாண்மைச் சோதனைகளில் இறங்கியிருந்தது. தரையில் குழி தோண்டி மேலே பாலிதீன் போர்த்தி, பூமியின் கதகதப்பிலேயே கீரை வளர்க்கும் முறை அங்கே பிரபலம். எல்லையில் நிற்கும் நம்மூர்ச் சிப்பாயின் தட்டில் பச்சையாக ஏதாவது விழ வேண்டுமே.

ஜெரஸ் குடிலின் சாமர்த்தியம் அதன் விவரங்களில் இருக்கிறது. நீளவாக்கில் கிழக்கு மேற்காகக் கட்டுகிறார்கள். பாலிதீன் தெற்குப் பக்கம் மட்டும். மற்ற மூன்று பக்கமும் சுவர், அதுவும் இரட்டைச் சுவர். இரண்டுக்கும் நடுவே வைக்கோலோ மரத்தூளோ அடைத்திருக்கும். உட்பக்கச் சுவர் பச்சைச் செங்கல். பகல் முழுக்க வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் மெல்ல விடுவது அதன் வேலை. வெளிச்சுவரும் வைக்கோலும் அந்த வெப்பம் பின்பக்கமாக நழுவிவிடாமல் காக்கின்றன. வடக்குப் பக்கத்துக் கூரைச் சரிவில் பாப்லர், வில்லோ மரக்கிளைகள் பரப்பி, வைக்கோல் வேய்ந்திருக்கும். சாயங்காலம் ஆனதும் பாலிதீனுக்கு உட்புறம் ஒரு துணித்திரையை இழுத்துவிடுவார்கள்.

சுவருக்கு அடிக்கும் நிறத்திலும் ஒரு கணக்கு உண்டு. வடக்குச் சுவரின் உட்புறம் கறுப்பு. காலை வெயில் மேற்குச் சுவரின் உட்புறத்தில் விழும். ராத்திரி விறைத்துப்போன செடிக்கு உடனே வெளிச்சமும் சூடும் வேண்டும் என்பதால் அங்கே வெள்ளை அடித்து வெயிலைச் செடியின் மேல் திருப்பிவிடுகிறார்கள். பிற்பகல் வெயில் கிழக்குச் சுவரின் உட்புறத்தில் விழும்; வரப்போகும் ராத்திரிக்காக அதைச் சேமிக்க வேண்டும் என்பதால் அங்கே கறுப்பு. ஒரு டப்பா பெயின்டில் முடியும் இந்த ஏற்பாட்டைவிடச் சிக்கனமான எரிசக்தித் திட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

தெற்குச் சரிவின் கோணமும் வானத்தைப் பார்த்து வைத்ததுதான். லே 34 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே உச்சிவேளைச் சூரியனே அடிவானத்திலிருந்து 32 டிகிரிதான் ஏறும். அவ்வளவு தாழ்வாக வரும் வெயிலை நேருக்கு நேர் வாங்க, பாலிதீன் கிட்டத்தட்டச் சுவர்போல் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதனால் கீழே செங்குத்தாகத் தொடங்கி, மேலே போகப்போகச் சாய்கிறது. வெயில் நேராக உள்ளே புகுந்து வடக்குச் சுவரில் போய் அறைகிறது. ஒரு சொட்டு எண்ணெய் எரிக்காமல் ஜனவரியில் அங்கே கீரையும் கொத்தமல்லியும் பறிக்கிறார்கள். மிஞ்சியதைப் பெண்கள் சந்தைக்குக் கொண்டுபோய்க் காசாக்குகிறார்கள்.

சுவரில் வெயிலைச் சேமிக்கும் யோசனை லடாக்கில் பிறந்ததல்ல. 1881இலேயே எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்கர் இதற்குக் காப்புரிமை வாங்கினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1960-களில் பிரான்ஸின் பிரனீஸ் மலையில் ஃபெலிக்ஸ் துரோம்ப், ஜாக் மிஷெல் என்ற இருவர் அதே முறையில் வீடு கட்டிக் காட்டிய பிறகு அதற்குத் 'துரோம்ப் சுவர்' என்று பெயர் நிலைத்தது. லேக்கு அருகே ஃபே கிராமத்தில், சோனம் வாங்சுக்கும் நண்பர்களும் 1988இல் தொடங்கிய 'செக்மோல்' அமைப்பின் பள்ளி வளாகம் இந்த முறையால்தான் குளிரைத் தாங்குகிறது. தெற்குச் சுவரை ஒட்டிக் குளிர்காலத்தில் பாலிதீன் கூடாரம் இறக்குவார்கள். கோடை வந்தால் சுருட்டி ஏற்றிவிடுவார்கள். இந்தச் சுருட்டி ஏற்றும் பழக்கத்தைச் சென்னைவாசி குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

நிலக்கரியில் செய்த மதராஸ்

ஐரோப்பா வேறு வழியில் போனது. லண்டன் கியூ தோட்டத்தில் 1844க்கும் 1848க்கும் இடையே கட்டிய பனைமாளிகை, இரும்பிலும் கண்ணாடியிலும் ஓர் அதிசயம். ஆனால் அதற்குள் தென்னையும் பனையும் பிழைக்கக் கொதிகலன்கள் ஓயாமல் எரிந்தன. புகைபோக்கியை அழகான கோபுரமாகக் கட்டித் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். மதராஸில் இலவசமாகக் கிடைக்கும் புழுக்கத்தை அங்கே நிலக்கரி போட்டுத் தயாரித்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை. இன்றைய நெதர்லாந்தின் பிரமாண்டமான கண்ணாடிக் குடில்கள் இயற்கை எரிவாயுவில் வளர்ந்தவை. 2022இல் உக்ரைன் போருக்குப் பின் எரிவாயு விலை ஏறியபோது பல விவசாயிகள் குடிலை இருட்டாக்கிவிட்டு உட்கார்ந்தார்கள். வட சீனாவோ லடாக் பாணியை ஒத்த கனத்த வடக்குச் சுவர், ராத்திரியில் வைக்கோல் பாய் என்று 1980-களிலிருந்து லட்சக்கணக்கான ஏக்கரில் எரிபொருள் இல்லாமல் குளிர்காலத் தக்காளி விளைவிக்கிறது.

வெப்பம் சிறைப்படுவதற்கான காரணத்தையும் பாதிதான் நாம் படித்திருக்கிறோம். வெளிச்சத்தை விட்டுவிட்டு வெப்பக் கதிரைக் கண்ணாடி தடுக்கிறது என்று பள்ளியில் சொன்னார்கள். 1909இல் இயற்பியலாளர் ராபர்ட் வுட் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. இன்னொன்றுக்கு வெப்பக் கதிரையும் தாராளமாக வெளியே விடும் பாறை உப்புத் தகடு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சூடேறின. காற்று அடைபட்டுக் கிடப்பதுதான் முக்கியக் காரணம் என்று அவர் முடிவுக்கு வந்தார். நம் ஊருக்கு இது நல்ல சேதி. காற்றுக்குப் போக வழி விட்டால் பாலிதீன் கூரையின் கொடுமை பெருமளவு தணிந்துவிடும்.

ஊட்டிக்கு எது? ஓசூருக்கு எது?

தமிழ்நாட்டில் குடிலுக்குச் சூடு தேவைப்படும் இடங்கள் மிகக் குறைவு. நீலகிரியும் கொடைக்கானலும்தான் நிஜமான வாடிக்கையாளர்கள். டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவுகளில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா போன்ற தாழ்வுகளில் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பதைச் சுற்றுலாப் பயணிகள் படம் பிடிப்பார்கள். தேயிலைக்காரர்களுக்கு அது கருகிய கொழுந்து. காய்கறிக்காரர்களுக்குக் கருகிய இலை.

ஆனால் லடாக் குடிலை அங்கேயும் அப்படியே வைக்கக் கூடாது. ஊட்டியில் குளிர்காலத்து உச்சிச் சூரியன் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். வெயில் சுவரைவிடத் தரையில்தான் அதிகம் விழும். ஆகவே சேமிப்பும் தரையில்தான் இருக்க வேண்டும்: கற்பாவிய நடைபாதை, பாத்திகளுக்கு நடுவே கறுப்பு அடித்த தண்ணீர் டிரம். 200 லிட்டர் டிரம் ஒன்று பகலில் 10 டிகிரி சூடேறினால், ராத்திரியில் அது திருப்பித் தருவது சுமார் 2.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆயிரம் வாட் ஹீட்டரை இரண்டு மணி நேரத்துக்குமேல் ஓட்டிய பலன். பத்து டிரம் வைத்தால் பனி விழும் சில வாரங்களைக் கடந்துவிடலாம் என்பது என் கணிப்பு. வடக்கே ஒரு கல்சுவரும் ராத்திரித் திரையும் இருந்தால் இன்னும் தைரியமாகச் சொல்வேன்.

ஓசூர் வேறு கதை. சுமார் 900 மீட்டர் உயரம், மிதமான பகல், இதமான இரவு. காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் ரோஜாக்கள் அங்கே வளரும் குடில்களில் பெரும்பாலும் ஹீட்டரும் கிடையாது, கூலரும் கிடையாது. உச்சியில் நீளவாக்கில் ஒரு திறப்பு, பக்கங்களில் சுருட்டி ஏற்றும் திரை. சூடான காற்று மேலே போகிறது, கீழே புதுக் காற்று நுழைகிறது. சாயங்காலம் திரையை இறக்கிவிட்டால் பகல் சூட்டில் கொஞ்சம் மிஞ்சி நிற்கிறது. தளி, பாகலூர் பக்கம் இந்தத் திரையை ஏற்றி இறக்கும் நேரம் தெரிந்த தொழிலாளிக்கு உள்ள மதிப்பு, தானியங்கிக் கருவிக்கு இல்லை.

அகத்தி நிழலில் ஒரு குடில்

சமவெளிக்கு வந்தால் கணக்கின் குறி மாறிவிடுகிறது. கூட்டல் இருந்த இடத்தில் கழித்தல். அந்தக் கழித்தலை மின்சாரம் இல்லாமல் செய்யும் குடில் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குக் கொடிக்கால் என்று பெயர்.

சோழவந்தானிலோ ஆத்தூரிலோ வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்தவர்கள் அந்தக் குளுமையை மறக்க மாட்டார்கள். வெளியே அனல், உள்ளே ஈரமும் அரை வெளிச்சமும். முதலில் அகத்தியை நெருக்கமாக விதைக்கிறார்கள். அது சில மாதங்களில் விறுவிறுவென்று உயர்ந்து நிழல் தந்த பிறகு அதன் காலடியில் வெற்றிலைக் கொடியை நடுகிறார்கள். கொடி ஏறுவதற்குக் கொம்பும் அகத்திதான், வெயிலைச் சலிக்கும் கூரையும் அகத்திதான். நடுவே ஓடும் வாய்க்கால் தண்ணீர் காற்றை ஈரமாக வைத்திருக்கிறது. ஓரத்தில் அடைப்பு வேலி அனல்காற்றைத் தடுக்கிறது. மழைமேகம் சூழ்ந்து வெளிச்சம் குறையும் பருவத்தில் அகத்திக் கிளைகளைக் கழித்துவிடுவார்கள், தழை ஆட்டுக்கு. வெயில் ஏறும்போது கிளை மறுபடி அடர்ந்திருக்கும். பருவத்துக்கு ஏற்ப நிழலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கூரை என்று இன்றைய கட்டடக் கலைஞர்கள் பெருமையாக வரைந்து காட்டுவது இதைத்தான். நம் வேளாண் பாடப்புத்தகங்கள் கொடிக்காலைப் 'பணப்பயிர்' தலைப்பில் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டன. கட்டுமானமாக யாரும் பார்க்கவில்லை.

மாடியில் கட்டுவதானால்

இனி ராஜா அண்ணாமலைபுரத்து மொட்டைமாடிக்கு வருவோம். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். அதிலிருந்து ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி உச்சிக்குத் திரும்பும்வரை, நண்பகலில் அது நமக்கு வடக்கே நிற்கும். கத்திரி வெயில் கொளுத்தும் நாள்களில் வெயில் வடக்குப் பக்கமாக எட்டிப் பார்க்கிறது என்பது மாடியில் வடாம் காயவைக்கும் பாட்டிகளுக்குத் தெரிந்த விஷயம். தெற்கு நோக்கிய சரிவு என்ற வெளிநாட்டுப் பாடம் இங்கே அடிபட்டுப்போகிறது. பிரச்சினை கூரையும் மேற்குப் பக்கமும்தான். கூரைக்கு நிழல்வலை, மேற்கே ஒரு பந்தல், அதில் பாகலோ பீர்க்கனோ கோவையோ. இலை வெயிலை மறைப்பதோடு நிற்காமல் நீராவி விட்டுக் காற்றையும் குளிர்விக்கும்.

நிழல்வலையைப் பலரும் பாலிதீனுக்கு உட்புறம் கட்டுகிறார்கள். வெயில் உள்ளே வந்த பிறகு அதைத் தடுத்து என்ன பயன்? வலையே சூடாகி உள்ளே அனலைக் கக்கும். கூரைக்கு மேலே இரண்டடி உயரத்தில், இடையே காற்றோடும்படி கட்ட வேண்டும். 50 சதவீத வலை பெரும்பாலான கீரை, காய்களுக்குப் போதும். 75 சதவீதம் போட்டால் செடி வெளிச்சத்தைத் தேடி நெட்டையாகிச் சாயும்.

அடுத்தது காற்று. பட்டினப்பாக்கம் கடற்கரையும் அடையாறு முகத்துவாரமும் கூப்பிடு தூரத்தில். கோடையில் நண்பகலுக்குமேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து, எதிர்ப்பக்கம் உயரத்தில் ஒரு வாசல் விட்டால் ஃபேன் செய்யும் வேலையைக் கடல் செய்யும். வெள்ளை ஈக்குப் பயந்து நுண்ணிய பூச்சிவலை கட்டுகிறவர்கள், அது காற்றைப் பாதி விழுங்கிவிடும் என்பதை நினைத்துத் திறப்பைப் பெரிதாக்க வேண்டும். கோவைப் பக்கம் பார்த்த ஈரத்தட்டி, ஃபேன் ஏற்பாட்டை இங்கே வாங்கிப் பொருத்தலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: ஏற்கெனவே ஈரத்தில் ஊறிய காற்றில் தண்ணீர் அதிகம் ஆவியாகாது, ஆவியாகாவிட்டால் குளிராது.

எடை இன்னொன்று. மனிதர் நடமாடும் தட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை கணக்கில் வைக்கும் சுமை, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நிறைந்த 200 லிட்டர் டிரம் நிற்கும் இடத்தில் அது 700 கிலோவைத் தாண்டுகிறது. ஊட்டியில் புத்திசாலித்தனமாக இருந்த டிரம் இங்கே விரிசலுக்கு வழி. மரவிட்டத்தின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய பழைய மதராஸ் டெரஸ் வீடாக இருந்தால், பொறியாளரைக் கூட்டிவந்து காட்டாமல் ஒரு மூட்டை மண்ணைக்கூட ஏற்றக் கூடாது. பைகளில் மண்ணுக்குப் பதில் தென்னைநார்க் கழிவு நிரப்புவதற்கு எடை ஒரு நல்ல காரணம். வெயிலில் தட்டோடு 50 டிகிரியைத் தாண்டிச் சுடும். பைகளைச் செங்கல்மேல் தூக்கி வைத்தால் வேர் வேகாது.

புயலும் கணக்கில் உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. நாலு பக்கமும் மூடிய பாலிதீன் கூண்டு அப்படியொரு காற்றில் பாய்மரம் ஆகிவிடும். எச்சரிக்கை வந்ததும் அரைமணி நேரத்தில் சுருட்டிக் கட்டக்கூடிய கூரைதான் சென்னைக்குக் கூரை.

அப்படியானால் பாலிதீன் தாளுக்கு இங்கே வேலையே இல்லையா? இரண்டு வேலைகள் உண்டு.

ஒன்று, வடாம், வற்றல் விவகாரம். வெயிலைச் சிறைப்பிடிக்கும் குடில் தமிழ்நாட்டுச் சமவெளியில் உண்மையாகவே வெற்றி பெற்றிருப்பது உலர்த்தியாகத்தான். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் பாலிகார்பனேட் தகடு வேய்ந்த நீண்ட கூடாரங்களைப் பார்க்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறை 'சூரிய கூடார உலர்த்தி' என்று மானியம் கொடுக்கிறது. வெளிவெப்பத்தைவிட நன்றாகச் சூடேறும் அந்தக் கூடாரத்துக்குள், களத்தில் ஒரு வாரம் காயும் தேங்காய்ப் பருப்பு அதில் பாதி நாள்களிலேயே காய்கிறது. தூசி இல்லை, காக்கை இல்லை, திடீர் மழைக்கு ஓட வேண்டியதில்லை. மாடியில் ஒரு கட்டில் அளவுக்கு அதையே சின்னதாகச் செய்துகொண்டால் மாவற்றலும் மோர்மிளகாயும் மழைக்கால முடிவுவரை போடலாம்.

இன்னொன்று, ஐப்பசி மழை. செடிக்கு இங்கே குளிரைவிடப் பெரிய எதிரி வடகிழக்குப் பருவமழைதான். நாற்று அழுகுவதும் கொத்தமல்லி படுத்துவிடுவதும் தக்காளிப் பூ உதிர்வதும் அப்போதுதான். அக்டோபர் தொடக்கத்தில் நிழல்வலையைச் சுருட்டிவிட்டு அதே சட்டத்தின் மேல் 200 மைக்ரான் தாளைக் கூரைக்கு மட்டும், நல்ல சரிவோடு இழுத்துக் கட்டலாம். நான்கு பக்கமும் திறந்தே இருக்கட்டும். சரிவின் கீழ்முனையில் ஒரு பி.வி.சி. தாழ்வாரக் குழாய் வைத்தால் கூரைநீர் கிணற்றுக்கோ கசிவுக்குழிக்கோ போகும். பொங்கலுக்குள் தாளை மடித்து நிழலில் வைத்துவிட்டால் அதன் ஆயுளும் நீளும். மார்ச்சில் வலை மறுபடி மேலே ஏறும்.